கேள்வி – பதில்: கடவுளின் குரலா, என் ஆசையா?

கேள்வி: இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயலை விற்றுவிட்டுக் கனடாவிலிருக்கும் அண்ணாவிடம் போவதா? பைபிளைக் கண்ணை மூடித் திறந்து வசனம் பார்க்கிறேன். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பதில் வருகிறது.
– வாசகி, கிளிநொச்சி

பதில்: சகோதரி, அப்படி வசனம் எடுப்பதை இன்றோடு விடுங்கள். அது சீட்டுக் குலுக்கல். மத்தேயு, மாற்கு போன்ற ஒரு நற்செய்தி நூலை நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு வசனமாக, வரிசையாக, இரண்டு தரம் ஆறுதலாக வாசியுங்கள். பிறகு பத்து நிமிடம் பேசாமல் இருங்கள். முதலில் கடனும் வீட்டு வேலையும்தான் மனதில் ஓடும். அதையும் கடவுளிடமே சொல்லுங்கள்.

அடுத்ததாக, "விற்கிறேன்" என்று முடிவெடுத்தவர் போல மூன்று நாள் செபியுங்கள். பிறகு மூன்று நாள் "விற்கவில்லை" என்று. இரவில் மனநிலையை ஒரு வரியில் கொப்பியில் எழுதுங்கள். கணநேர உற்சாகத்தை நம்ப வேண்டாம். நாட்கணக்கில் நிலைக்கும் அமைதியைப் பாருங்கள். மனம் இருண்டிருக்கும்போது முன்பு எடுத்த முடிவை மாற்றாதீர்கள் என்பது இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் விதி. அந்த நேரத்தில் பயமும் கடவுளின் குரல் போலவே ஒலிக்கும்.

கடவுள் கூப்பிட்டது சிறுவன் சாமுவேலுக்கே மூன்று தரம் விளங்கவில்லை. குரு ஏலி சொல்லித்தான் தெரிந்தது (1 சாமுவேல் 3). கொப்பியோடு பங்குத்தந்தையிடம் போங்கள். விசா உண்மையில் கிடைக்குமா என்றும் விசாரியுங்கள். அதுவும் செபத்தின் பகுதிதான். காணிக்கு அட்வான்ஸ் வாங்குவது அதற்குப் பிறகு.