மாடு, நாய், கிளி: சட்டம் எதுவரை காப்பாற்றும்?

எங்கள் தெருவில் ஒருவர் குட்டி நாயைக் கட்டையால் அடித்துக் காலை முறித்துவிட்டார். புகார் கொடுத்தாலும் ஐம்பது ரூபாய் அபராதம்தானாமே?

பாதி உண்மை. 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் முதல் குற்றத்துக்கு இன்றும் 10 முதல் 50 ரூபாய்தான். ஒரு உயிரின் வலிக்கு ஒரு சாப்பாட்டு விலைகூட இல்லை என்பதில் எனக்குத் தீராத கோபம் உண்டு. ஆனால் காலை முறிப்பது ஊனமாக்குவது. அதற்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவு இருக்கிறது, ஐந்து ஆண்டு வரை சிறை. மனுவில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டே எழுதுங்கள். கால்நடை மருத்துவரிடம் காயத்துக்குச் சான்று வாங்குங்கள், போட்டோ எடுத்து வையுங்கள். "மனுஷங்க கேஸே தேங்கிக் கிடக்கு" என்று என்னையும் ஒரு காவல் நிலையத்தில் மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள். மனுவை வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம்.

நாய்க்கு வக்காலத்து வாங்குகிறீர்கள். கடிபட்ட என் மகளுக்கு யார் பேசுவார்கள்?

உங்கள் மகளுக்காகவும்தான் பேசுகிறேன் அம்மா. முதலில் ஒரு ஊசியும் விடாமல் போட்டு முடியுங்கள். தெருநாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போடுவது உள்ளாட்சியின் பொறுப்பு என்று விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், 2023 சொல்கின்றன. ஒரு பகுதியில் நூற்றுக்கு எழுபது நாய்களுக்குத் தடுப்பூசி போட்டால் வெறிநோய் பரவுவது அறுந்துபோகும். அந்த வேலை நடக்காத இடத்தில்தான் குழந்தையும் கடிபடுகிறது, நாயும் அடிபடுகிறது. டில்லி நாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், 2025 ஆகஸ்ட் 22-இல் அதை மாற்றியது: கருத்தடை செய்து தடுப்பூசி போட்ட நாயைப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோய் உள்ளதையும் மூர்க்கமானதையும் விடக்கூடாது. உங்கள் மகளைக் கடித்த நாயைப் பிடிக்கச் சொல்லி நகராட்சியில் எழுத்தில் கேளுங்கள். அது நாய்க்கு எதிரான செயல் இல்லை.

ஜல்லிக்கட்டு செல்லும் என்று தீர்ப்பு வந்தாயிற்று. இன்னும் என்ன விவாதம்?

2014-இல் தடை, 2017-இல் மெரினா, அப்புறம் தமிழக அரசின் சட்டத்திருத்தம், 2023 மே 18-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை ஏற்றது. சரி, சட்டக் கேள்வி முடிந்தது. ஆனால் கிடைத்தது மாடு பிடிக்க அனுமதி, வதைக்க இல்லை. வாலை முறுக்குவது, கண்ணில் மிளகாய்ப்பொடி தூவுவது, சாராயம் ஊற்றுவது எதற்கும் அதில் இடம் கிடையாது. காளையைப் பிள்ளைபோல் வளர்க்கும் குடும்பங்களை அறிவேன். அவர்களே இதை முதலில் தட்டிக் கேட்கவேண்டும் என்பது என் ஆசை.

கோயிலில் கிடா வெட்டுவது குற்றமா?

மதச் சடங்குக்காகக் கொல்வதை மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. தமிழ்நாட்டில் 1950-இலேயே ஒரு தடைச் சட்டம் வந்தது. 2003-இல் அதைக் கறாராக அமல்படுத்தப் பார்த்தார்கள், கிராமங்களில் எதிர்ப்புக் கிளம்பியது, 2004-இல் சட்டமே ரத்தானது. கசாப்புக் கடையைக் கேள்வி கேட்காமல் குலசாமி கோயிலை மட்டும் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

வீட்டில் பச்சைக்கிளி வளர்க்கிறேன். பிரச்சினை வருமா?

வரும். நம் நாட்டுக் கிளியைக் கூண்டில் வைப்பது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதற்காகப் பயந்துபோய் மாடியிலிருந்து பறக்கவிட்டுவிடாதீர்கள். இறகு வெட்டிய கிளி அன்று மாலைக்குள் காக்கைக்கும் பூனைக்கும் இரையாகிவிடும். வனத்துறை அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.