முதல் கரடி வேட்டை: அரச காணியில் இடம் காட்டப் பணம் எதற்கு?

ஸ்காபரோவில் ஆறு ஆண்டுகளாக வசிக்கும் வாசகர் ஒருவர், வேட்டைப் பயிற்சியையும் துப்பாக்கி உரிமத் தேர்வையும் முடித்துவிட்டு, வரும் மே மாதம் முதல் தடவையாகக் கருங்கரடி வேட்டைக்குப் போக இருக்கிறார். சட்பரிக்கு வடக்கே அரச காணியில் ‘கரடி நிச்சயம் வரும்’ இடமொன்றை 1,800 டொலருக்குக் காட்டித் தருவதாக ஒருவர் சொல்கிறாராம். நம்பலாமா என்று கேட்கிறார்.

அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஒன்ராறியோவின் நிலத்தில் ஏறத்தாழ 87 சதவீதம் அரச காணி. மாகாணவாசியான உங்களிடம் வேட்டை அட்டையும் கரடிக்கான அனுமதிப்பத்திரமும் இருந்தால், வேட்டைப் பருவம் திறந்துள்ள வனவிலங்கு முகாமைத்துவப் பிரிவில், வேட்டை தடைசெய்யப்படாத அரச காணியில் இறங்குவதற்கு எவருக்கும் ஒரு சதமும் கொடுக்க வேண்டியதில்லை. தரகர்கள் ‘கரடி முகாமைத்துவப் பகுதி’ என்றொரு வரைபடத்தை விரித்து, இது எங்களுடையது என்பார்கள். அந்தப் பகுதிகள், வெளியிலிருந்து வரும் வேட்டைக்காரரை அழைத்துச்செல்லும் உரிமம் பெற்ற நிறுவனங்களுக்காகப் பிரிக்கப்பட்டவை; மாகாணவாசியை அங்கிருந்து விலக்கும் உரிமை அவற்றுக்குக் கிடையாது. இந்த ஒரு வரியை அரசின் கையேடு முதற்பக்கத்தில் எளிய மொழியில் சொல்லியிருந்தால் இந்த வியாபாரமே நடந்திருக்காது. ஆண்டுதோறும் எடுத்துச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. தங்குமிடமும் பரணும் கரடியை ஈர்க்க வைக்கும் இரையும் ஏற்பாடு செய்யும் வழிகாட்டிக்குக் கூலி கொடுப்பது வேறு விடயம்.

இடத்தை நீங்களே தேடலாம். மே மாதத்தில் கரடி இளம்புல்லையும் குளோவர் என்ற தீவனச் செடியையும் நாடி வரும். ஆகவே பழைய மரம்வெட்டுப் பாதையோரம், சதுப்பும் அடர்ந்த ஊசியிலைக் காடும் சந்திக்கும் மூலைகளைப் பாருங்கள். புல் கலந்த எச்சமும் மரப்பட்டையில் நகக்கீறலும் கண்டால் அங்கே நின்று தேடுங்கள். ஆகஸ்டில் போவதானால் புளூபெரி காய்க்கும் எரிந்த காடுகள். வட ஒன்ராறியோவின் சாப்லோ வனவிலங்குக் காப்பகத்துக்குள் எவ்வளவு கரடி இருந்தாலும் வேட்டைக்கு இடமில்லை.

இரை வைக்கும் இடம், பொதுக் கட்டடத்திலிருந்து 500 மீற்றருக்குள்ளும் பொதுப் பாதையிலிருந்து 200 மீற்றருக்குள்ளும் இருக்கக்கூடாது. குடியிருப்பு வீட்டுக்கும் 500 மீற்றர்தான். ஆனால் அந்த வீட்டில் வசிப்பவர்கள் எழுத்தில் அனுமதி தந்தால் நெருங்கலாம். எழுத்தில் என்பதைக் கவனியுங்கள். வேலிக்கு அப்பால் நின்று “பரவாயில்லை தம்பி, வையுங்கோ” என்று சொன்னது அனுமதி ஆகாது. வருடத்தில் இரண்டு வாரம் மட்டும் ஆள் வரும் கொட்டேஜ் என்றாலும் அங்கு வந்து தங்குபவர்களைத் தேடிப்பிடித்துக் கையெழுத்து வாங்கி, தாளைச் சட்டைப்பையில் வைத்திருங்கள்.

கரடியின் மோப்பம் மிகக் கூர்மையானது என்பதால், மாலைக் காற்று இரையிலிருந்து உங்களை நோக்கி வீசும் பக்கத்தில் பரணைக் கட்டுங்கள். இரையைச் சுற்றியுள்ள புதர்களும் பரணிலிருந்து தெளிவாகத் தெரிய வேண்டும். வசந்தகாலத்தில் குட்டியையோ குட்டியோடு இருக்கும் தாயையோ சுடுவது குற்றம். 1999இல் வசந்தகால வேட்டையை மாகாணம் நிறுத்தியபோது அநாதையாகும் குட்டிகளையே காரணமாகச் சொன்னது. தாய் முன்னே வர, குட்டிகள் பல நிமிடம் புதருக்குள் தங்கிவிடுவது உண்டு. தனிக் கரடிதான் என்று உறுதியாகும்வரை துப்பாக்கியைத் தூக்காதீர்கள்.