பேரிங் அமரும் இடம் தேய்ந்த ஷாஃப்ட்டை வெல்டிங் செய்து மீட்கலாமா?

கடலூர் சிப்காட்டில் ஓடும் பம்பு ஒன்றின் இ.என்.8 ரக எஃகு ஷாஃப்ட், பேரிங் அமரும் இடத்தில் அரை மில்லிமீட்டர் தேய்ந்திருக்கிறது, வெல்டிங் வைத்துக் கடைந்தால் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாங்கும், ஆனால் அது நடுத்தரக் கார்பன் எஃகு என்பதால், சூடேற்றாமல் வெல்டிங் வைத்தால் விரிசல் விழக்கூடும்.

தேய்ந்த பரப்பை லேத்தில் சீராகக் கடைந்து, விரிசல் இல்லையென்று சோதித்தபின், ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, குறை ஹைட்ரஜன் வகையான 7018 வெல்டிங் ராடால் ஒரு வெல்டிங் வரி வைத்ததும் ஷாஃப்ட்டை அரைச்சுற்று திருப்பி எதிர்ப்புறத்தில் அடுத்த வரியை வைத்தால், வளைவு குறையும். நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தை ராடின் பூச்சு எளிதில் உறிஞ்சிக்கொள்ளும்; அந்த ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் விரிசலை உண்டாக்கும். ஆகவே 300 டிகிரிக்கு மேல் அடுப்பில் உலர்த்தாத ராடைத் தொடவே வேண்டாம் என்பேன். பிறகு மெதுவாக ஆறவிட்டு, டயல் கேஜ் வைத்து வளைவைப் பார்த்து, கடைந்து, கிரைண்டிங்கில் இறுதி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். விட்டம் மாறும் மூலையில் வெல்டிங்கின் விளிம்பு முடியக் கூடாது. ஷாஃப்ட் பெரும்பாலும் அங்கேதான் முறியும்.