ஒவ்வாமை உள்ள துணைக்கு வீட்டில் ஒரு ராத்திரி விருந்து: கேள்வி பதில்

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். தர்மபுரியில் சின்ன விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கிறேன். என் வீட்டுக்காரருக்கு நிலக்கடலை சேராது. கல்யாணமான புதிதில், கடலையே போடாத வெண்டைக்காய்ப் பொரியலைச் சாப்பிட்டு அவருக்கு உதடு வீங்கிவிட்டது. முந்தின நாள் கடலைச் சட்னி அரைத்த மிக்ஸி ஜாரில்தான் அன்று தேங்காய் அரைத்திருந்தேன். ஜாரைக் கழுவினேன், மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவவில்லை. அன்றிலிருந்து இதையெல்லாம் தேடித் தேடிக் கற்றுக்கொண்டேன். ஒவ்வாமை எதற்கு, எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சமையல் பக்கத்தை நான் சொல்கிறேன்.

அக்கா, மனைவிக்கு நிலக்கடலை ஆகாது. அவள் பிறந்தநாளுக்கு நானே சமைக்கப் போகிறேன். கடலை போடாமல் செய்தால் போதும்தானே? (பாலக்கோடு)

போதாது தம்பி. நம் பக்கத்தில் கடலை இல்லாத அடுப்படி ஏது? குழம்பு கெட்டியாக அரைத்து ஊற்றுகிறோம், பொரியலில் பொடித்துத் தூவுகிறோம், தாளிப்பதும் கடலை எண்ணெயில். ஒவ்வாமையைக் கிளப்புவது கடலையில் இருக்கும் புரதம். வறுத்தாலும் வேகவைத்தாலும் அது அழிவதில்லை. செக்கில் ஆட்டிய எண்ணெயில் அந்தப் புரதம் கொஞ்சம் தங்கியிருக்கும். செக்குத் தேங்காய் எண்ணெய் வாங்கினால் சரியாகிவிடுமா என்றால், அதே செக்கில் காலையில் கடலை ஆட்டியிருப்பார்கள். அன்றைக்கு மட்டும் சீல் உடைக்காத சூரியகாந்தி எண்ணெய்ப் பாக்கெட் வாங்குங்கள். மிளகாய்த்தூள், மல்லித்தூளை மிஷினில் அரைத்து வாங்காமல் வீட்டில் வறுத்துப் பொடியுங்கள். மரக்கரண்டியையும் அம்மியையும் அன்று தொட வேண்டாம், இடுக்கில் இருப்பதைக் கழுவி எடுப்பது கஷ்டம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சானிடைசர் கிருமியைக் கொல்லும், கடலைப் புரதத்தைக் கையிலிருந்து எடுக்காது.

என்ன சமைப்பது என்று கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மார்கழி, தை என்றால் பிதுக்கம்பருப்புக் குழம்பு வையுங்கள். அவரைக்கொட்டையை முந்தின ராத்திரியே ஊறப்போட்டு, காலையில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து பிதுக்குங்கள். அரைப்படி பிதுக்க ஒரு மணி நேரம் போல ஆகும், அந்தப் பேச்சுக்காகவே இதைச் செய்யலாம். சின்ன வெங்காயம், பூண்டு, மல்லி விதை, காய்ந்த மிளகாய், தேங்காய் எல்லாவற்றையும் வதக்கி அரைத்து, உங்கள் ஊர்த் தக்காளி நாலைப் பிழிந்துவிட்டுப் பருப்பு மசியாமல் வேகவிடுங்கள். கடலை இல்லாமலேயே தேங்காயும் தக்காளியும் குழம்பைக் கெட்டியாக்கிவிடும். கூடச் சாமைச் சோறு. ஒன்று மட்டும் கவனம்: கடலையும் அவரைக்கொட்டையும் ஒரே குடும்பம். கடலை ஆகாதவர்களில் நிறையப் பேருக்கு மற்ற பருப்புகள் ஒத்துக்கொள்ளும், ஆனாலும் எல்லோருக்கும் என்று சொல்ல முடியாது. உங்கள் மனைவி ஏற்கெனவே அவரைக்கொட்டை சாப்பிட்டுப் பழகியவர் என்றால் மட்டும் வையுங்கள். புதுப் பொருளைச் சாப்பிட்டுப் பார்க்கிற நாள் அது இல்லை.

கணவருக்குக் கோதுமை கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார், சீலியாக் நோயாம். ராகி இருக்கிறதே, கவலை இல்லை என்கிறார் மாமியார். சரியா? (ஓசூர்)

சீலியாக் நோயில் குடலைப் புண்ணாக்குவது கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம். ராகியில் அது கிடையாது, மாமியார் சொல்வது சரி. சிக்கல் மாவு மிஷினில். உங்களுக்கு முன்னால் ஒருவர் கோதுமை அரைத்துவிட்டுப் போயிருந்தால், உங்கள் ராகி மாவில் அதுவும் வந்து சேரும். சீலியாக் உள்ளவருக்கு அந்தத் துளியே குடலைப் புண்ணாக்கும், வெளியில் எதுவும் தெரியாமலும் நடக்கும். ராகியைப் பொறுக்கிக் கழுவிக் காயவைத்து வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலியுங்கள். இரண்டு பேருக்குக் களி கிண்ட ஒரு டம்ளர் மாவு தாராளம்.

அப்புறம் பெருங்காயம். டப்பாவில் வரும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். பொருள் பட்டியலைப் படியுங்கள், சந்தேகம் இருந்தால் பூண்டு தட்டிப் போட்டுவிடுங்கள். ரவை, சேமியா, சாதாரண சோயா சாஸ் மூன்றிலும் கோதுமை உண்டு. சப்பாத்தி சுட்ட தோசைக்கல்லில் அவருக்குத் தோசை வேண்டாம், தனிக் கல் ஒன்று வாங்கிவிடுங்கள்.

களியும் கீரைக் கடைசலும் விருந்துக்கு ஆகுமா என்று நினைப்பீர்கள். நாட்டுக்கோழிச் சாறு வைத்து, சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி, சூடு ஆறுவதற்குள் பரிமாறிப் பாருங்கள்.

நெய் மட்டும் கொஞ்சம் விடலாமா? அவளுக்குப் பால்தான் ஆகாது. (காவேரிப்பட்டணம்)

பால் குடித்தால் வயிறு உப்புகிறதா, இல்லை தடிப்பு, வீக்கம், மூச்சுத் திணறல் வருகிறதா? முன்னது பால் சர்க்கரை செரிக்காமல் வருவது, அவர்களுக்கு நெய் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. பின்னது பால் புரத ஒவ்வாமை. நெய்யிலும் அந்தப் புரதம் துளி தங்கும், எனவே நெய், தயிர், பன்னீர் எதுவும் வேண்டாம். எருமைப்பால், ஆட்டுப்பாலுக்கு மாற்றினாலும் பயனில்லை.

அரசம்பட்டித் தேங்காய் பக்கத்திலேயே இருக்கிறதே, உங்களுக்கு என்ன குறை? 100 கிராம் சாமையைக் குழைய வேகவைத்து, 150 கிராம் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி ஊற்றி, ஒரு தேங்காயின் இரண்டாம் பாலில் கொதிக்கவிடுங்கள். அடுப்பை அணைத்த பிறகே முதல் பால். கொதியில் ஊற்றினால் திரிந்துவிடும். நெய்யில் வறுத்த முந்திரிக்குப் பதில் தேங்காய்ப் பல்லை எண்ணெயில் சிவக்க வறுத்துப் போடுங்கள்.

மாம்பழம் சாப்பிட்டால் என் மனைவிக்கு வாயைச் சுற்றி அரிக்கிறது. கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு மாம்பழம் இல்லாமல் விருந்தா? முந்திரிப் பாயாசம் வைத்துவிடட்டுமா? (கிருஷ்ணகிரி)

வேண்டாம். மாமரமும் முந்திரியும் ஒரே குடும்பம், பிஸ்தாவும் அதில்தான் சேரும். வாயைச் சுற்றி வரும் அரிப்பு பலருக்கு மாம்பழத் தோலில் இருக்கும் பிசின் போன்ற பாலால் வருவது, சாப்பிட்டு ஒரு நாள் கழித்துக்கூட வரும். அவருக்கும் அதுதானா என்பதை மருத்துவரிடம் பார்த்த பிறகு மற்றதைப் பேசலாம். அன்றைக்கு மா, முந்திரி, பிஸ்தா மூன்றையும் விட்டுவிட்டுச் சப்போட்டாவோ வாழையோ வையுங்கள்.

இறால் ஆகாது, மீன் ஆகும். ஒகேனக்கல் போய் வறுத்த மீன் வாங்கி வந்து ராத்திரி பரிமாறலாமா? (பென்னாகரம்)

அங்கே இறாலும் அதே எண்ணெயில் பொரிந்திருக்கலாம். பச்சை மீனாக வாங்கி வந்து வீட்டில் நீங்களே வெட்டி வறுங்கள். கடையில் வெட்டித் தரச் சொன்னால் இறால் உரித்த கட்டையும் கத்தியும் மீன்மேல் படும். நண்டும் வேண்டாம், இறால் ஆகாதவர்களுக்கு அதுவும் பெரும்பாலும் ஆகாது.

"கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கினால் சரியாகும்" என்கிறார்கள் வீட்டில்.

தயவுசெய்து செய்யாதீர்கள். மருத்துவமனையில் மருத்துவர் கண்காணிப்பில் நடப்பது வேறு. வீட்டில், அதுவும் தெரியாமல் கலந்து கொடுப்பது உயிரோடு விளையாடுவது. உதடு, நாக்கு வீங்கி, மூச்சு இழுத்து, குரல் மாறி, தலை சுற்றினால் மாத்திரை கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். மருத்துவர் கொடுத்த அட்ரினலின் ஊசி இருந்தால் தொடையின் வெளிப்பக்கம் போட்டுவிட்டு உடனே 108. எழுந்து நடக்கவிடாமல் படுக்க வையுங்கள், மூச்சு முட்டினால் சாய்ந்து உட்காரட்டும். மலையூர்க்காரர்கள் வண்டிக்கு வழி முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது. மதியம் நான் கடலை சாப்பிட்டிருந்தால், ராத்திரி முத்தம் கொடுப்பதால் அவருக்கு ஏதாவது ஆகுமா? (ஊத்தங்கரை)

கூச்சப்பட ஒன்றுமில்லை தங்கச்சி, எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இது. ஆகும். எச்சிலில் கடலைப் புரதம் இருக்கும், பல் துலக்கினாலும் உடனே முழுவதும் போய்விடாது. சில மணி நேரம் போய், நடுவில் கடலை இல்லாத சாப்பாடும் சாப்பிட்டால்தான் குறையும். நான் என்ன செய்கிறேன் என்றால், விருந்து என்று முடிவானால் காலையிலிருந்தே நானும் கடலை தொடுவதில்லை. இரண்டு பேருக்கும் ஒரே குழம்பு, ஒரே பாயாசம். தனித்தட்டு என்ற பேச்சே இல்லை.

இது ஆகுமா, அது ஆகுமா என்று எல்லாவற்றையும் கணவரிடமே கேட்டுச் செய்தால் சர்ப்ரைஸ் எங்கே இருக்கும்? (ஓசூர்)

உங்கள் ஊர் ரோஜா இருக்கிறது, மொட்டை மாடி இருக்கிறது, கட்டப் போகிற புடவை இருக்கிறது. ரோஜாவை ஜாடியில் வையுங்கள், இதழைச் சாப்பாட்டில் தூவாதீர்கள், மருந்து அடித்த பூ அது. சாப்பாட்டுப் பொருளை மட்டும் மறைக்காதீர்கள். நான் எண்ணெய்ப் பாக்கெட், வெல்லக் கவர், மசாலா டப்பா எல்லாவற்றையும் தூக்கிப் போடாமல் மேடைமேல் வரிசையாக வைத்துவிடுவேன். என் வீட்டுக்காரர் வந்து ஒவ்வொன்றாக எடுத்துப் படித்துப் பார்த்துவிட்டு, கை கழுவிக்கொண்டு உட்காருவார். அதன் பிறகு அவர் எதையும் கேட்பதில்லை, தட்டைத்தான் நீட்டுவார்.