பத்து வட்டி

வணக்கம் அண்ணா,

திருவொற்றியூரிலிருந்து எழுதுகிறேன். பாரிமுனையில் ஒரு ஷிப்பிங் ஆபீஸில் வேலை. போக வர மெட்ரோவில் பொருளாதார பாட்காஸ்ட் கேட்பது ஒன்றரை வருடப் பழக்கம். பெரும்பாலும் அமெரிக்காவின் ‘பிளானட் மணி’. பி.காம். படித்தபோது மனப்பாடம் செய்து பரீட்சையில் கொட்டிய பல விஷயங்கள் அதைக் கேட்டுத்தான் புரிந்தன.

அம்மா காசிமேட்டில் மீன் எடுத்து டோல்கேட் பக்கம் விற்கிறார். வருடம் முழுக்க ஒரு தண்டல் ஓடிக்கொண்டே இருக்கும். பேருக்குப் பத்தாயிரம், கையில் கொடுப்பது எட்டாயிரத்து ஐநூறு, நாளுக்கு நூறு வீதம் நூறு நாள். போன மாதம் வட்டியைப் பற்றி ஒரு எபிசோட் கேட்ட சூட்டில் இதை எக்ஸெல்லில் போட்டுப் பார்த்தேன். ஆண்டுக்கு 120 சதவீதம் வருகிறது! வீட்டுக்குப் போய் அம்மாவுக்கு ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “காலைல நாலு மணிக்கு எந்த பேங்க்குடா தொறந்து வெச்சிருக்கான்? உன் காதுல பேசறவன் வந்து குடுப்பானா?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

இரண்டு கேள்விகள். தப்பு யார் மேல், பாட்காஸ்ட் மேலா, அம்மா மேலா? அடுத்தது, நாங்கள் மூன்று நண்பர்கள் சேர்ந்து தமிழில், நம்ம ஏரியா பேச்சில், இதுபோல ஒன்று தொடங்கலாம் என்று இருக்கிறோம். கலைச்சொல்தான் இடிக்கிறது. ‘வாய்ப்புச் செலவு’, ‘இறுதிநிலைப் பயன்பாடு’ என்றெல்லாம் பேசினால் யார் கேட்பார்கள்?

பெயர் போட வேண்டாம். கடன் விஷயம் தெருவுக்குத் தெரிந்தால் அம்மா என்னைக் கொன்றுவிடுவார்.

*

அன்புள்ள தம்பிக்கு,

பெயர் போடவில்லை. டோல்கேட்டில் மீன் விற்கும் அம்மாக்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், பயப்படாதீர்கள்.

முதலில் உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. 8,500 ரூபாய்க்கு 1,500 வட்டி, நூறு நாளுக்குப் பதினேழு பதினெட்டு சதவீதம் என்று பலரும் நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் அம்மா மறுநாளிலிருந்தே அசலைக் கட்டத் தொடங்கிவிடுகிறார். ஐம்பதாம் நாள் அவரிடம் நிற்பது ஏறக்குறையப் பாதிக் கடன்தான். வட்டியோ முழுக் கடனுக்கும் முதல் நாளே பிடித்தாயிற்று. அதனால்தான் நாளுக்கு 0.33 சதவீதம், ஆண்டுக்கு 120 என்று ஏறுகிறது.

நீங்கள் சறுக்கியது, அந்த 120-ஐ அப்படியே கொண்டுபோய் அம்மா முன்னால் வைத்ததில். நம் பக்கத்தில் யார் ஆண்டுச் சதவீதத்தில் வட்டி பேசுகிறார்கள்? ஒரு வட்டி, ரெண்டு வட்டி, மூணு வட்டி. நூற்றுக்கு மாதம் எவ்வளவு என்பதுதான் பேச்சு. ரெண்டு வட்டி என்றால் நியாயமான ஆள். மூணு என்றால் தலையைச் சொறிவார்கள். அஞ்சு என்றால், “ஐயோ, அவங்கிட்டயா வாங்கின?” என்று பக்கத்து வீடு வரை பேச்சு போகும். உங்கள் 120-ஐப் பன்னிரண்டால் வகுங்கள். உங்கள் அம்மா வருடம் முழுக்க வாங்கிக்கொண்டிருப்பது பத்து வட்டிக் கடன். இதை மட்டும் அவரிடம் சொல்லிப் பாருங்கள். ஒரு மணி நேர வகுப்பு தேவைப்படாது.

தண்டலை யாரும் அந்த அளவுகோலில் சொல்வதில்லை. ‘நாளுக்கு நூறு’ என்பது டீ, வடை செலவு மாதிரி காதில் விழுகிறது. மாத வட்டிக் கடனோடு அதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வழியே இல்லாதபடி வேறொரு படியில் அளந்து கொடுக்கிறார்கள். வேண்டுமென்றே செய்தார்களா, பழகிப் போனதா என்று தெரியாது. கொடுக்கிறவருக்கு அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

இனி அம்மாவின் கேள்வி. அதை நீங்கள் கிண்டலாக எடுத்துக்கொண்டீர்கள் என்று தோன்றுகிறது. அவர் கேட்டது சரியான பொருளாதாரக் கேள்வி. நள்ளிரவு தாண்டி ஏலம் தொடங்குகிற இடத்தில், விடிவதற்குள் கையில் ரொக்கம் இருந்தால்தான் கூடை நிறையும். சும்மா ஒரு கணக்குக்கு, நாலாயிரத்துக்கு மீன் எடுத்து நாலாயிரத்து எழுநூறுக்கு விற்கிறார் என்று வையுங்கள். ஐஸ், ஆட்டோ போக நானூறு ஐநூறு நிற்கிறது. முதலுக்கு ஒரே நாளில் பத்து சதவீதத்துக்கு மேல். அப்படிப்பட்டவருக்கு நாளுக்கு 0.33 சதவீதம் என்பது பைத்தியக்காரத்தனம் இல்லை. பணம் இல்லாமல் ஒரு நாள் சும்மா உட்கார்ந்தால் போகிற நானூறுதான் பெரிய நஷ்டம். அதற்குப் பேர்தான் நீங்கள் பயப்படுகிற வாய்ப்புச் செலவு. உங்கள் அம்மா அந்தச் சொல் இல்லாமலே அதைச் சொல்லி உங்கள் வாயை அடைத்திருக்கிறார்.

பேங்க் பக்கம் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2020-ல் தெருவோர வியாபாரிகளுக்காக மத்திய அரசு ‘ஸ்வநிதி’ திட்டம் கொண்டுவந்தது. பிணையம் இல்லாமல் முதல் கடன் தொடங்கியபோது 10,000 ரூபாய் வரை, ஒழுங்காகக் கட்டினால் வட்டியில் 7 சதவீதம் மானியம். தண்டலோடு ஒப்பிட்டால் இது தானம்தான். ஆனால் அதை மாதத் தவணையாகக் கட்ட வேண்டும். மாதத் தவணை என்பது மாதச் சம்பளக்காரர்களுக்கு மாதச் சம்பளக்காரர்கள் யோசித்தது. தினம் கையில் வருகிற காசை முப்பது நாள் தொடாமல் சேர்த்துவைப்பது, பிள்ளைக்கு ஜுரமும் தெருவில் சாவும் காதுகுத்தும் வருகிற வீட்டில் லேசில்லை. தண்டல்காரர் தினமும் வந்து நிற்பது தொந்தரவுதான். ஆனால் அந்த நூறு ரூபாயை வேறு எதுவும் தின்றுவிடாமல் காப்பதும் அவர் வந்து நிற்பதுதான்.

என் பெரியம்மா கொத்தவால் சாவடியில் கீரை விற்றவர். மார்க்கெட் 1996-ல் கோயம்பேட்டுக்குப் போகும்வரை தினமும் காலையில் கடன் வாங்கி, சாயந்திரம் வட்டியோடு கட்டி, மறுநாள் காலை அதே ஆளிடம் மறுபடி வாங்குவார். சின்ன வயதில் எனக்கு ஒன்று புரியாது. சாயந்திரம் கையில் பணம் இருக்கிறதே, அதையே நாளைக்கு வைத்துக்கொண்டால் என்ன? கேட்டால் தலையில் ஒரு குட்டு வைப்பார்.

அந்தக் குட்டுக்கு விளக்கம் தேடிப் பொருளாதார அறிஞர்களே கோயம்பேட்டுக்கு வந்தார்கள். செந்தில் முல்லைநாதன், டீன் கார்லன் ஆகியோர் நடத்திய ஆய்வு அது. காலையில் ஆயிரம் வாங்கி மாலையில் ஆயிரத்து ஐம்பது கட்டும் வியாபாரி, தினமும் ஐந்து ரூபாய் மிச்சம் பிடித்து, அதனால் குறைகிற வட்டியையும் அதோடு சேர்த்து, அந்த அளவுக்குக் கடனைக் குறைத்துக்கொண்டே வந்தால், ஐம்பது நாளில் கடனே வேண்டாம். பேப்பரில் போட்டுப் பாருங்கள், சரியாக வரும். பிறகு ஏன் வருடக்கணக்கில் வாங்குகிறார்கள்? கடனில் இருந்த வியாபாரிகளில் ஒரு பாதியினரின் கடனை இவர்களே அடைத்துவிட்டு, என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். ஒவ்வொருவராக மறுபடி கடனுக்குத் திரும்பினார்கள். ஓராண்டில் கடன் அடைக்கப்பட்டவர்களுக்கும் அடைக்கப்படாதவர்களுக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விட்டது.

முல்லைநாதன் சொல்லும் காரணம், பற்றாக்குறையில் இருப்பவருக்குக் கையில் கொஞ்சமும் இடைவெளி இல்லை. ஒரு சின்ன அடி விழுந்தாலும் பழைய இடத்துக்கே போய்விடுவார் என்பது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எனக்கு அது முழுசாகப் போதவில்லை. பெரியம்மாவை வைத்து யோசிக்கும்போது எனக்கு இன்னொன்று தோன்றுகிறது. கடன் கொடுப்பவரை ஐம்பது நாளில் வழியனுப்பிவிட்டால், ராத்திரி பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது யார் கதவைத் தட்டுவது? தேவை இல்லாத நாளிலும் வாங்கிக்கொண்டிருந்தால்தான் தேவைப்படும் நாளில் உரிமையோடு கேட்க முடியும். அந்த வட்டியில் ஒரு பகுதி இன்சூரன்ஸ் கட்டணம் என்றுதான் நான் நினைக்கிறேன். அநியாயத்துக்கு அதிகமான கட்டணம், அதில் சந்தேகமில்லை. இது ஆய்வு முடிவில்லை, என் ஊகம். உங்கள் அம்மாவிடம் கேட்டால் ஒரே வரியில் உடைத்துவிடவும் கூடும்.

ஆகவே தப்பு யார் மேல் என்றால், சதவீதத்தைக் கண்டுபிடித்ததோடு நீங்கள் எழுந்துவிட்டீர்கள். இருபது நிமிடத்தில் முடிகிற நிகழ்ச்சிகளின் பழக்கம் அது. ‘இத்தனை நாள் நீ நினைத்தது தப்பு’ என்று ஒரு திடுக்கிடல், பிறகு இசை. உங்கள் அம்மா பேசத் தொடங்கியது அந்த இசைக்குப் பிறகுதான்.

இப்போது உங்கள் பாட்காஸ்ட். தாராளமாகத் தொடங்குங்கள். ‘பிளானட் மணி’ 2008-ல் பிறந்ததே வீட்டுக்கடன் நெருக்கடியை ஒரு மணி நேரம் ரேடியோவில் விளக்கப்போய்த்தான். அவர்களிடம் எனக்குப் பிடித்தது, ஒரு பொருளைக் கையில் பிடித்தால் விடமாட்டார்கள். 2010-ல் அந்த நெருக்கடியை உண்டாக்கிய பத்திரங்களில் ஒன்றை ஆயிரம் டாலர் சொந்தக் காசு போட்டு வாங்கி, பாதிக்கு மேல் தொலைத்து, அதையும் சொன்னார்கள். 2013-ல் ஒரு டி-ஷர்ட். அமெரிக்கப் பருத்தி, இந்தோனேசியாவில் நூல், வங்காளதேசத்திலும் கொலம்பியாவிலும் தையல் என்று அதன் பின்னாலேயே போனார்கள். நீங்கள் பின்னால் போக வேண்டியது தண்டல்காரரின் நூறு ரூபாய் நோட்டு. அவருக்கு முதல் எங்கிருந்து வருகிறது? அவரே யாரிடமோ ரெண்டு வட்டிக்கு வாங்கித்தான் பத்து வட்டிக்கு விடுகிறாரா? நூறு பேரில் எத்தனை பேர் கட்டாமல் போகிறார்கள்? பெட்ரோல், அலைச்சல் போக அவருக்கு என்ன நிற்கிறது? அவரைத் திட்டாமல் இதையெல்லாம் கேட்டு வாங்கினால், நான் இரண்டு தடவை கேட்பேன்.

இன்னொரு எபிசோடு உங்கள் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது. கண்டெய்னர். 1956-ல் மால்கம் மெக்லீன் என்ற லாரிக் கம்பெனிக்காரர் 58 பெட்டிகளை ஒரு கப்பலில் ஏற்றி நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார், உலக வாணிபம் மாறியது என்று எல்லா பாட்காஸ்ட்டும் சொல்லிவிட்டது. சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் திறந்தது 1983-ல். அதற்குமுன் மூட்டை மூட்டையாகக் கப்பலில் ஏற்றி இறக்கியவர்களில் என் மாமா ஒருவர். சரக்குக் கூலி குறைந்தது உண்மை, அதனால் உலகத்துக்கே பொருள் மலிவானதும் உண்மை. ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் அந்தக் குறைந்த கூலி யாருடைய கூலி என்று பெயர் சொல்லிக் காட்டும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே மைக்கை எடுத்துக்கொண்டு போங்கள்.

கலைச்சொல் பற்றி ரொம்பக் குழம்ப வேண்டாம். தூக்கியும் போடாதீர்கள், வாசலிலும் நிறுத்தாதீர்கள். மதியம் மீன் மிஞ்சும்போது அம்மா ஏன் விலையை இறக்குகிறார் என்று பத்து நிமிடம் பேசிவிட்டு, இதைப் பாடப்புத்தகத்தில் இன்ன பேர் சொல்வார்கள் என்று போகிற போக்கில் சொன்னால் ஒட்டிக்கொள்ளும். 2003-ல் தமிழ்நாடு அரசு அதீத வட்டிக்கு எதிராகக் கொண்டுவந்த சட்டத்தின் ஆங்கில வடிவத்திலேயே கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று நம் சொற்களைத்தான் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். நாம் அவர்களுடைய சொல்லுக்காகத் தவித்துக்கொண்டிருக்கிறோம்.

‘நம்ம ஏரியா பேச்சு’ என்றீர்கள். உங்கள் வீட்டில் பேசுகிற மாதிரி பேசுங்கள், போதும். சினிமாவில் வடசென்னைக்காரன் பேசுவதாகக் காட்டும் பேச்சைத் தயவுசெய்து பேசாதீர்கள். 1918-ல் பெரம்பூரில் பின்னி ஆலைத் தொழிலாளர்களை வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கினார்களே, அங்கே திரு.வி.க. கூலியையும் வேலை நேரத்தையும் பற்றி நல்ல தமிழில்தான் பேசினார். கேட்டவர்களுக்குப் புரிந்தது.

அப்புறம், நாலு பேர் கேட்கத் தொடங்கியதும் கடன் ஆப் விளம்பரம் வந்து நிற்கும். தண்டல் எபிசோடுக்கு நடுவில் அதைப் போட்டுவிடாதீர்கள்.

காசிமேட்டில் ரெக்கார்ட் செய்வதானால் ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், கூட்டத்தில் ஒன்றும் கேட்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் போனால், விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆட்களுக்குப் பேச நேரம் இருக்கும். அந்த 61 நாளும் தண்டல் நிற்குமா, ஓடுமா என்று முதலில் கேளுங்கள்.

‘பத்து வட்டி’ என்றதும் அம்மா என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.