அந்த ஆறாவது ஆண்டு

மதிப்பிற்குரிய ஐயா,

கடந்த ஆண்டின் லாபத்தை மட்டும் வைத்துப் பங்கின் விலையை அளக்கக் கூடாது, பத்து ஆண்டு லாபத்தையும் பணவீக்கத்துக்கு ஏற்பச் சரிசெய்து சராசரி எடுக்க வேண்டும் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். அதன்படி ஓர் உலோக நிறுவனத்தின் பத்து ஆண்டறிக்கைகளை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று இரவுகள் கணக்குப் போட்டேன். இன்றைய விலைவாசிக்கு மாற்றிய பிறகு, ஒன்பது ஆண்டுகளில் பங்கு ஒன்றுக்குக் கிடைத்த லாபம் சராசரியாக 12. ஆறாவது ஆண்டில் மட்டும் 48 நஷ்டம். முன்பு வாங்கிய ஒரு துணை நிறுவனத்தின் மதிப்பைக் கணக்கில் குறைத்து எழுதியதால் வந்த நஷ்டம் அது. ‘மீண்டும் நிகழாத இனம்’ என்று நிர்வாகமே எழுதியிருக்கிறது. இப்போது பங்கின் விலை 120. அந்த ஆண்டை விட்டுவிட்டுக் கணக்கிடலாமா? ஏழு ஆண்டுச் சராசரி நல்லதா, பத்து ஆண்டா? விலை சராசரி லாபத்தில் எத்தனை மடங்குக்குக் கீழே இருந்தால் வாங்கலாம்? இந்த முறையே காலாவதியாகிவிட்டது என்று சில நிபுணர்கள் சொல்கிறார்களே?

பின்குறிப்பு: கொஞ்சம் வாங்கிவிட்டேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தைப் பின்குறிப்பிலிருந்து படிக்கத் தொடங்கியிருக்க வேண்டும். மேலே இருக்கும் நான்கு கேள்விகளும் எதற்காகக் கேட்கப்பட்டவை என்பது அந்த இரண்டு சொற்களில்தான் இருக்கிறது. வாங்கியாகிவிட்டது. இனி அந்த ஆறாவது ஆண்டு உங்கள் தூக்கத்தைக் கெடுக்காமல் இருக்க ஒரு பெரியவரின் கையெழுத்து வேண்டும். அதை நான் போட மாட்டேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். மூன்று இரவுகள் ஆண்டறிக்கைகளோடு உட்கார்ந்திருந்ததாக எழுதியிருந்த வரியில் சற்று நேரம் நின்றுவிட்டேன். பங்கு வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் ஓர் ஆண்டறிக்கையைக்கூடத் திறப்பதில்லை. நீங்கள் பத்தைத் திறந்திருக்கிறீர்கள். ஒவ்வோர் ஆண்டின் லாபத்தையும் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணைக் கொண்டு இன்றைய மதிப்புக்கு மாற்றியிருக்கிறீர்கள். அந்தப் பொறுமை இருக்கிறவரிடம்தான் கடுமையாகப் பேச முடியும்.

பணவீக்கச் சரிசெய்தலை நீங்கள் சரியாகவே செய்திருக்கிறீர்கள், அதனால் அதை நீட்டவில்லை. மற்ற வாசகர்களுக்காக ஒரு வரி: பத்து ஆண்டுகளுக்கு முன் 10 சம்பாதித்த நிறுவனம் இன்று 20 சம்பாதிக்கிறது, இடையில் விலைவாசியும் இரு மடங்காகிவிட்டது என்றால், அந்த நிறுவனம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ‘லாபம் இரட்டிப்பு’ என்று ஆண்டறிக்கையின் அட்டையில் வண்ணப்படம் போட்டிருப்பார்கள். பழைய 10-ஐ 20 ஆக மாற்றி எழுதிய பிறகுதான் சராசரி என்ற சொல்லுக்கே பொருள் உண்டு. பங்குகளின் எண்ணிக்கையைக் கூட்டும் பங்குப் பிரிப்பும் போனஸ் பங்கும் நடந்திருந்தால் பழைய எண்களை அதற்கேற்பவும் குறைத்திருக்க வேண்டும். செய்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நிபுணர்கள் விஷயத்துக்கு வருகிறேன். பல ஆண்டு லாபத்தைச் சராசரியாக்கிப் பார்க்கச் சொன்னவர்கள் முதலீட்டு ஆசிரியர்களான பெஞ்சமின் கிரகாமும் டேவிட் டாடும். 1929 பங்குச்சந்தைச் சரிவின் இடிபாடுகளுக்கு நடுவே, 1934-ல் வந்த தங்கள் பாடநூலில், குறைந்தது ஐந்து ஆண்டு, முடிந்தால் ஏழு அல்லது பத்து ஆண்டு என்றார்கள். பொருளாதார அறிஞர்களான ஜான் கேம்ப்பெல்லும் ராபர்ட் ஷில்லரும் 1988-ல் இதையே அமெரிக்கப் பங்குச்சந்தை முழுவதற்கும், பணவீக்கத்தைக் கழித்த லாபத்தோடு, பொருத்திப் பார்த்தார்கள். விலை லாபத்தில் எத்தனை மடங்கு என்பதுதான் பி.இ.; அந்த லாபத்துக்குப் பத்தாண்டுச் சராசரியை வைத்து, கேப் விகிதம் என்றும் ஷில்லர் பி.இ. என்றும் இன்று சொல்லப்படுவது அந்த வழியில் வந்ததுதான். 1996 டிசம்பரில் இவ்விருவரும் அமெரிக்க மத்திய வங்கியின் ஆளுநர் குழு முன்பு போய், சந்தை எல்லை மீறி ஏறியிருக்கிறது என்று எச்சரித்தார்கள். அப்போது விகிதம் 28-ஐ ஒட்டி இருந்தது. சந்தை அதற்குப் பிறகும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஏறியது. விகிதம் 44-ஐத் தொட்டது. இதைக் காட்டித்தான் ‘பயன்படாத கருவி’ என்கிறார்கள். எடை பார்க்கும் தராசிடம் மணி கேட்டால் அது என்ன செய்யும்?

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். 2009 வசந்தத்தில் அமெரிக்க நிறுவனங்களின் ஓராண்டு லாபம் ஏறக்குறைய ஆவியாகிவிட்டது. அங்குள்ள பெரிய நிறுவனங்களைச் சேர்த்து அளக்கும் எஸ் அண்ட் பி 500 குறியீட்டின் சாதாரண, ஓராண்டு லாபத்தை வைத்த பி.இ. 100-ஐத் தாண்டியது. அதை மட்டும் பார்த்தவருக்கு அதுவரை காணாத விலையேற்றம். அதே மார்ச்சில் பத்தாண்டுச் சராசரியை வைத்துப் பார்த்த விகிதம் 13 சொச்சம். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காணாத மலிவு. ஒரே சந்தை, ஒரே விலை. வகுக்கும் எண் மட்டும்தான் வேறு.

நிதியியல் பேராசிரியர் ஜெரமி சீகல் எழுப்பிய ஆட்சேபம் இவற்றைவிடக் கனமானது. கணக்கியல் விதிகள் மாறிவிட்டன, சொத்து மதிப்பு விழுந்தால் உடனே நஷ்டமாக எழுத வேண்டியிருக்கிறது, எனவே அண்மைக்காலச் சராசரி லாபம் உள்ளதைவிடத் தாழ்ந்து தெரிகிறது என்பது அவர் வாதம். குறியீட்டில் மிகச் சிறிய பங்கு வகிக்கும் ஒரு நிறுவனத்தின் ராட்சத நஷ்டம் மற்ற எல்லாருடைய லாபத்தையும் தின்றுவிடுகிறது என்றும் சொன்னார். குறியீட்டைப் பொறுத்தவரை இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நீங்கள் வாங்கியிருப்பது குறியீட்டை அன்று, அந்த நஷ்டத்தைச் சந்தித்த நிறுவனத்தையே. அது உங்கள் நஷ்டம்.

உங்களுடைய கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். ஒன்பது பன்னிரண்டு 108. அதில் 48 போனால் 60. பத்தால் வகுத்தால் 6. விலை 120 என்றால் இருபது மடங்கு. ஆறாவது ஆண்டை எடுத்துவிட்டால் சராசரி 12, பத்து மடங்கு. ஒரே ஒரு கட்டத்தை நீக்கியதில் பங்கு பாதி விலைக்கு வந்துவிட்டது! இவ்வளவு சுலபமாக மலிவாகும் பொருளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்த 48 எங்கிருந்து வந்தது? நிர்வாகம் ஒரு காலத்தில் ஒரு துணை நிறுவனத்தை அதன் தகுதிக்கு மேல் விலை கொடுத்து வாங்கியது. பணம் அன்றைக்கே போய்விட்டது. கொடுத்த அதிகப்படியை ‘நன்மதிப்பு’ என்று பெயரிட்டு இருப்புநிலைக் குறிப்பில் சொத்தாக உட்கார வைத்தார்கள். அமெரிக்கக் கணக்கியல் விதிப்படி 2001 வரை இந்த நன்மதிப்பை ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாக எழுதிக் கரைக்க வேண்டியிருந்தது. நாற்பது ஆண்டு வரை அவகாசம் இருந்தது. அதன் பிறகு விதி மாறியது. ஆண்டுதோறும் கரைக்க வேண்டாம், மதிப்பு குறைந்திருக்கிறதா என்று சோதித்துப் பாருங்கள், குறைந்திருந்தால் அப்போது எழுதுங்கள் என்றார்கள். சர்வதேச விதிகளும் அடுத்த சில ஆண்டுகளில் அதே வழிக்கு வந்தன. விளைவு என்ன? பழைய முறையில் ஒவ்வோர் ஆண்டின் லாபத்தையும் சிறிது சிறிதாகக் குறைத்திருக்கக்கூடிய செலவு, இப்போது பல ஆண்டுகள் கண்ணில் படாமல் இருந்துவிட்டு ஒரே நாளில் 48 ஆக வந்து விழுகிறது.

ஆகவே முதல் ஐந்து ஆண்டுகளில் உங்களுக்குத் தெரிந்த அந்த 12, முழு 12 ஆக இருந்திருக்க வாய்ப்பில்லை. அதில் ஒரு பகுதி அந்தத் தவறான கொள்முதலின் செலவை இன்னும் எழுதாமல் வைத்திருந்ததால் தெரிந்த லாபம். ஆறாவது ஆண்டு அந்தக் கடனைத் தீர்த்தது. பழைய ஆண்டுகளின் பெருமையை வைத்துக்கொண்டு, அதற்கான பில்லைக் கிழித்துப் போட அனுமதி கேட்கிறீர்கள். பல ஆண்டுகளுக்குச் சேரவேண்டிய ஒன்று ஒரே ஆண்டில் வந்து விழுந்தால் அதைத் திரும்பப் பரப்பிவைக்கத்தான் சராசரி என்ற ஏற்பாடே இருக்கிறது. அது தன் வேலையைச் செய்ய வேண்டிய ஒரே இடத்தில் நீங்கள் அதன் கையைப் பிடித்து இழுக்கிறீர்கள்.

‘மீண்டும் நிகழாத இனம்’ என்று நிர்வாகம் எழுதியிருப்பதைச் சான்றாக வேறு காட்டுகிறீர்கள். எதிர்பாராமல் ஒரு சொத்தை நல்ல விலைக்கு விற்ற ஆண்டுகளில், அந்த லாபத்தை மீண்டும் நிகழாதது என்று இதே அழுத்தத்தோடு முதல் பக்கத்தில் சொன்னார்களா என்று தேடிப் பாருங்கள்.

எனக்கு இருபத்தாறு வயது இருக்கும்போது நானும் உங்களைப் போலவே ஒரு தாளை எடுத்துக்கொண்டு ஒருவரிடம் போனேன். அவர் ஓய்வுபெற்ற தணிக்கையாளர். நான் வேலை பார்த்த அலுவலகத்தில் வாரம் மூன்று நாள் வந்து கணக்குகளைச் சரிபார்ப்பார். பங்குச்சந்தை என்றாலே முகம் சுளிப்பார். ஆனால் எண்கள் நிறைந்த தாள் எதைக் கொடுத்தாலும் படிக்காமல் திருப்பித் தந்ததில்லை. நான் கொண்டுபோனது ஒரு கப்பல் நிறுவனத்தின் பத்தாண்டுக் கணக்கு. கடந்த ஆண்டு லாபத்தில் நான்கு மடங்குதான் விலை. என் கை நடுங்கிக்கொண்டிருந்தது, மற்றவர்களுக்குத் தெரிவதற்குள் வாங்கிவிட வேண்டுமே என்று.

அவர் தன் உள்ளங்கையால் கடைசி ஆண்டை மறைத்துக்கொண்டார். “மீதியைப் படி” என்றார்.

படித்தேன். அதில் மூன்று ஆண்டுகளை நான் சிவப்புப் பென்சிலால் அடித்திருந்தேன். ஒன்றில் வேலைநிறுத்தம். ஒன்றில் நாணய மதிப்புச் சரிவால் வந்த நஷ்டம். இன்னொன்றில் பழைய கப்பல்களை அடிமாட்டு விலைக்கு விற்றது. மூன்றும் தற்செயல் என்று ஒவ்வொன்றுக்கும் விளக்கம் வைத்திருந்தேன். முந்தின இரவு ஒத்திகை கூடப் பார்த்திருந்தேன். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, “பத்து வருஷத்தில் மூன்று தடவை நடந்திருக்கிறது. ஒரு தடவை என்பது எத்தனை தடவை?” என்று கேட்டார்.

நான் வாங்கினேன். இருபத்தாறு வயது! கப்பல் வாடகை ஏற்ற இறக்கம் உள்ள தொழில். அத்தகைய தொழில்களில் பி.இ. மிகக் குறைவாகத் தெரிவது பெரும்பாலும் லாபம் உச்சியில் இருக்கும்போதுதான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அடுத்த ஆண்டு வாடகை விழுந்தது, நிறுவனம் நஷ்டத்துக்குப் போனது. நான் வாங்கிய விலையில் நான்கில் ஒரு பங்குக்கு விற்று வெளியே வந்தேன். அவரிடம் சொல்ல வெட்கப்பட்டு இரண்டு வாரம் அவர் வரும் நாட்களில் எதிரில் போகாமலே இருந்தேன். பிறகு அவராகவே என் மேசைக்கு வந்தார். நஷ்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மேசையில் கிடந்த சிவப்புப் பென்சிலை எடுத்துத் தன் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, ஒரு சாதாரணப் பென்சிலை வைத்தார். “இனிமேல் அடிக்காதே. வட்டம் போடு” என்றார். அவ்வளவுதான்.

அவர் இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. நான் இன்றும் வட்டம்தான் போடுகிறேன். வட்டம் போட்ட ஆண்டின் அறிக்கையை மற்ற ஒன்பதையும்விட மெதுவாகப் படிக்கிறேன்.

எத்தனை மடங்குக்குக் கீழே வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். கிரகாம் தனிப் பங்குகளுக்கு ஓர் உச்சவரம்பு சொல்லியிருக்கிறார்: ஏழாண்டுச் சராசரி லாபத்தில் 25 மடங்குக்கு மேல் வேண்டாம், கடைசி ஓராண்டு லாபத்தில் 20 மடங்குக்கு மேல் வேண்டாம். அவர் சொன்னது பணவீக்கம் சரிசெய்யாத லாபத்துக்கு. உங்கள் கணக்கில் அப்படியே ஒட்ட வேண்டாம். எப்படியும் அது வாசலில் நிற்கும் காவலாளிதான், உள்ளே வரவேற்கிறவர் இல்லை. உங்கள் பங்கு இருபது மடங்கில் இருக்கிறது. அது ஒன்றும் உலகம் இடிந்துவிடும் விலை இல்லை, பதறி விற்க வேண்டாம். ஆனால் நூறு போட்டால் ஆண்டுக்குப் பத்து சம்பாதித்துத் தரும் என்று நினைத்து வாங்கியிருக்கிறீர்கள். பத்தாண்டு வரலாறு ஐந்து என்கிறது. அந்த நிறுவனம் பத்து ஆண்டுகளுக்கு முன் செய்த தொழிலைத்தான் இப்போதும் செய்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தொழிலே மாறிவிட்டிருந்தால் பழைய பாதி வேறொருவருடைய வரலாறு, சராசரி எடுத்துப் பயனில்லை. குறியீட்டுக்கு இந்தத் தொல்லை அவ்வளவு இல்லை; தனி நிறுவனத்துக்கு உண்டு.

ஏழா பத்தா என்றும் கேட்டிருந்தீர்கள். பத்து. ஏழு எடுத்தாலும் ஆறாவது ஆண்டு உள்ளேதான் இருக்கும், எண்ணிப் பாருங்கள்.

இப்போது அந்த ஆண்டறிக்கையை மறுபடியும் எடுத்து, பின்னால் இருக்கும் கணக்குக் குறிப்புகளுக்குப் போங்கள். அந்தத் துணை நிறுவனத்தை எந்த ஆண்டில், என்ன விலைக்கு வாங்கினார்கள், அதை வாங்கிய நிர்வாகம் இன்னும் நாற்காலியில் இருக்கிறதா, அதன் பிறகு வேறு ஏதாவது வாங்கியிருக்கிறார்களா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். அதுவரை ஒரு பங்கு கூடச் சேர்க்க வேண்டாம்.