வேலை போனால் ஈ.டி.டி.: கலிஃபோர்னியாக்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

இருபது வருடம் ஒரு கம்பெனியில் சம்பளக் கணக்குப் பார்த்தவன் நான். வேலை போனவர்களுக்கு இங்கே உதவித்தொகை தருவது ஈ.டி.டி. என்ற மாநிலத் துறை. அது மறுத்து, வேலை போனவர் அப்பீல் செய்தால், கம்பெனி சார்பில் விசாரணைக்குப் போய் உட்காருவதும் என் தலையில்தான் விழும். ஓய்வுக்குப் பிறகு எதிர்ப்பக்கம் வந்துவிட்டேன்; வேலை போனவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். நான் வக்கீல் அல்ல. கலிஃபோர்னியா விஷயம் மட்டும் கேளுங்கள். கேட்டவர் பெயருக்குப் பதில் ஊர்ப் பெயரைப் போட்டிருக்கிறேன்.

ஃப்ரீமாண்ட் நண்பர்: பெர்ஃபார்மன்ஸ் சரியில்லை என்று மூன்று மாதம் பி.ஐ.பி.யில் (வேலையைத் திருத்திக்கொள்ளக் கெடு வைத்துக் கண்காணிப்பது) போட்டு நீக்கினார்கள். 'தவறான நடத்தை' என்று ஈ.டி.டி. மறுத்துவிட்டது. அப்பீல் செய்தால் பயன் உண்டா சார்?

கண்டிப்பாகச் செய்யுங்கள். வேலையைச் சரியாகச் செய்ய வரவில்லை என்பதும் தவறான நடத்தை என்பதும் வேறு வேறு. கடமை என்னவென்று தெரிந்தும் வேண்டுமென்றே மீறியிருந்தால்தான் தவறான நடத்தை. திறமை போதாமல் போனது, சாதாரண கவனக்குறைவு, நல்லெண்ணத்தில் எடுத்த தப்பான முடிவு எல்லாம் அதில் சேராது. வேண்டுமென்று செய்தீர்கள் என நிரூபிக்கும் பொறுப்பும் கம்பெனியுடையது.

என் தோல்வி ஒன்றைச் சொல்கிறேன். இதே மாதிரி ஒரு வழக்கில் நான் ஃபைலை மட்டும் தூக்கிக்கொண்டு போனேன். மேனேஜர் வரவில்லை. 'நீங்கள் எழுதியிருப்பதை நேரில் பார்த்தீர்களா?' என்று நீதிபதி கேட்டார். இல்லை என்றேன். எதிரில் இருந்த பெண்மணி, சனி ஞாயிறும் வேலை பார்த்ததற்கு அதே மேனேஜர் நன்றி சொல்லி அனுப்பிய மெயிலை எடுத்து வைத்தார். அவ்வளவுதான், தோற்றோம். நியாயமான தோல்வி.

ஆகவே, நீங்கள் முயற்சி செய்ததைக் காட்டும் மெயில், பி.ஐ.பி. காலத்தில் முடித்த வேலைகள் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்குங்கள். விசாரணைக்கு முன் உங்கள் வழக்கு ஃபைலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்; கம்பெனி என்ன எழுதிக் கொடுத்தது என்று அதில்தான் தெரியும். விசாரணை பெரும்பாலும் போனில்தான். ஆனாலும் சத்தியப் பிரமாணம் உண்டு, பதிவும் ஆகும். ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள், இலவசம். வீட்டில் உள்ள பெரிய பிள்ளையை மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள்; அவன் உங்களுக்காக வாதாட ஆரம்பித்துவிடுவான்.

முக்கியமான ஒன்று: அப்பீல் முடியும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சர்டிஃபை செய்வதை, அதாவது அந்த வாரங்களில் வேலை இல்லை, வேலைக்குத் தயார் என்று ஈ.டி.டி.யின் கேள்விகளுக்குப் பதில் போடுவதை, நிறுத்தாதீர்கள். ஜெயித்தாலும், சர்டிஃபை செய்த வாரங்களுக்குத்தான் பணம்.

சான் ரமோன்: செவரன்ஸ் (வேலையை விட்டு அனுப்பும்போது கம்பெனி தரும் தொகை) வாங்கினால் உதவித்தொகை கிடைக்காதா?

கலிஃபோர்னியாவில் செவரன்ஸ் தடை இல்லை, குறைக்கவும் மாட்டார்கள். நோட்டீஸுக்குப் பதிலாகக் கொடுக்கும் சம்பளம் என்றால் கணக்கு வேறு. உங்கள் கடிதத்தில் எந்த வார்த்தை இருக்கிறது என்று பாருங்கள். கேட்கும் இடத்தில் மறைக்காமல் எழுதுங்கள்.

மில்பிடாஸ்: மறுப்புக் கடிதம் வந்து உறையைப் பிரிக்காமலே வைத்திருந்தேன். நேற்றுதான் பார்த்தேன். அப்பீலுக்கான 30 நாள் கெடு இன்றிலிருந்துதானே?

இல்லை தம்பி. கடிதத்தில் அச்சாகியிருக்கும் அனுப்பிய தேதியிலிருந்து. அது தாண்டியிருந்தாலும் இன்றே அனுப்புங்கள். தாமதத்துக்கு நல்ல காரணம் இருந்தால் நீதிபதி ஏற்கலாம். 'பயந்து பிரிக்கவில்லை' என்பது நல்ல காரணம் ஆகுமா என்று என்னைக் கேட்காதீர்கள். அப்பீல் ஃபார்மின் எண் டி.இ. 1000எம். எல்லோருக்கும் சொல்கிறேன், வந்த உறையை அன்றே பிரியுங்கள்.

டப்ளின்: அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, மூன்று வாரம் மதுரை போகிறேன். அங்கிருந்து போனில் சர்டிஃபை செய்யலாமா அண்ணா?

எங்கிருந்து செய்தாலும் உண்மையைச் சொல்லுங்கள். அந்த வாரங்களில் வேலைக்குத் தயாராக இல்லை என்றே பதில் போடுங்கள், பணம் வராது. ஊரில் இருந்துகொண்டு 'தயார்' என்று அழுத்தி, பிறகு மாட்டினால் வாங்கியதைத் திருப்பித் தருவதோடு 30 சதவீதம் அபராதமும் சேரும். அம்மாவைப் பார்த்துவிட்டு நிம்மதியாக வாருங்கள்.

கூப்பர்டினோ: எச்-1பி (ஒரு கம்பெனியின் பேரில் தரும் வேலை விசா) காரர்களுக்கு ஏன் உதவித்தொகை இல்லை? நாங்களும் மாதாமாதம் இதற்காகச் சம்பளத்தில் கட்டுகிறோமே!

இந்தக் கேள்வி ஏழாவது முறை. ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். உதவித்தொகை வாங்குபவர் அந்த வாரமே வேறு வேலையில் சேரச் சட்டப்படி தயாராக இருக்கவேண்டும். எச்-1பியில் உங்கள் அனுமதி அந்தக் கம்பெனியோடு கட்டுப்பட்டது. வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் நாட்டில் இருக்கலாம், ஆனால் புதிய கம்பெனி மனு போடும்வரை வேலை செய்ய முடியாது. பச்சை அட்டை (கிரீன் கார்டு), எச்-4 இ.ஏ.டி. (எச்-1பி காரரின் துணைக்குத் தரும் வேலை அனுமதி அட்டை), பச்சை அட்டை மனு நிலுவையில் உள்ளபோது கிடைத்த இ.ஏ.டி. என்றால் அந்தத் தடை இல்லை. இரண்டாவது, நீங்கள் கட்டவில்லை. இங்கே இந்தக் காப்பீட்டுக்கு முதலாளி மட்டுமே கட்டுகிறார், ஒவ்வொருவரின் வருடச் சம்பளத்தில் முதல் 7,000 டாலருக்கு. உங்கள் பே ஸ்டப்பில் (சம்பளச் சீட்டில்) பிடிப்பது எஸ்.டி.ஐ. என்ற வேறு மாநிலக் காப்பீடு, அது உடம்பு முடியாமல் போனால் வரும் காசு.

எடிசன், நியூ ஜெர்சி: தப்பு சார். என் பே ஸ்டப்பில் யூ.ஐ. (வேலையின்மைக் காப்பீடு) என்றே பிடித்திருக்கிறது, நான் எச்-1பி.

நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, அலாஸ்கா மூன்றிலும் ஊழியரிடமும் பிடிப்பார்கள். நான் பேசியது கலிஃபோர்னியா. கட்டியும் கிடைக்காது என்ற உங்கள் கோபம் நியாயம்தான்.

கூப்பர்டினோ மறுபடியும்: என் நண்பன் எச்-1பியில் வாங்கினான். நீங்கள்தான் பயமுறுத்துகிறீர்கள்.

விண்ணப்பத்தில், அமெரிக்காவில் வேலை செய்யச் சட்டப்படி உரிமை உண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. நண்பர் அதற்கு என்ன பதில் போட்டார் என்று கேளுங்கள். வாங்கியதும் வைத்துக்கொள்வதும் ஒன்றல்ல.

சன்னிவேல்: இத்தனை சண்டை எதற்கு? சும்மா வரும் காசை வாங்குவதே கேவலம் என்பேன்.

வீடு எரிந்தால் காப்பீட்டுப் பணம் வாங்க மாட்டீர்களா? வேலை போனவர் வீட்டில் இதைப் போய்ச் சொல்லாதீர்கள். கேவலம் என்று ஆறு வாரம் விண்ணப்பிக்காமல் இருந்து, அப்புறம் வாடகைக்கு வழியில்லாமல் என்னைக் கூப்பிட்டவர்கள் உண்டு. விண்ணப்பித்த வாரத்திலிருந்துதான் கணக்கு ஆரம்பிக்கும். போன ஆறு வாரமும் போனதுதான். எச்-1பி, கௌரவம் இரண்டு பேச்சையும் இத்தோடு நிறுத்துவோம்.

ஃபோல்சம்: பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இல்லை. ஒரு இடத்தில் எஃப்.என்.யூ. (முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம்), ஒரு இடத்தில் அப்பா பெயர். அடையாளச் சரிபார்ப்பில் நிற்கிறது.

நம் இனிஷியல் வழக்கம் இவர்கள் கம்ப்யூட்டருக்குப் புரியாது. சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து விண்ணப்பியுங்கள். அட்டையே தப்பென்றால் முதலில் அதைத் திருத்துங்கள். ஈ.டி.டி. ஆவணம் கேட்டால் கடிதத்தில் போட்டிருக்கும் கெடுவுக்குள் அனுப்புங்கள். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று ஒரு பக்கம் விளக்கம் சேருங்கள்.

இர்வைன்: கணவருக்கு சாக்ரமெண்டோவில் வேலை கிடைத்ததால் ராஜினாமா செய்தேன். நானே விட்டதால் கிடைக்காதோ?

கிடைக்கலாம் அம்மா. தினமும் போய்வர முடியாத தூரத்துக்குத் துணையோடு குடிபெயர்வதை நல்ல காரணமாகக் கலிஃபோர்னியா சட்டமே ஏற்கிறது. விடுமுன் வீட்டிலிருந்து வேலை பார்க்கவோ மாற்றலோ கேட்டிருந்தால் அந்த மெயிலை வைத்திருங்கள். நாமே விட்டிருந்தால் நல்ல காரணம் இருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு நம்முடையது, அது மட்டும்தான் வித்தியாசம்.

எவ்வளவு வரும்? (நான்கு பேர் கேட்டது)

வாரம் 40 முதல் 450 டாலர், பொதுவாக அதிகபட்சம் 26 வாரம், முதல் வாரம் காத்திருப்பு வாரம், காசு இல்லை. 450 என்ற உச்சவரம்பு 2005இல் வைத்தது. வாடகை மட்டும் 2005இல் நிற்கவில்லை. ஃபெடரல் வரி உண்டு, மாநில வரி இல்லை.

டெக்ஸாஸில் எப்படி?

டெக்ஸாஸ்காரரைக் கேளுங்கள்.

ஹேவர்ட்: சார், உங்கள் பேச்சைக் கேட்டு அப்பீல் செய்து ஜெயித்தேன், நன்றி! பணமும் வந்துவிட்டது. ஆனால் நடுவில் நான்கு வாரத்துக்கு மட்டும் வரவில்லை, என்ன செய்யலாம்?

அந்த நான்கு வாரமும் சர்டிஃபை செய்தீர்களா?